பார்த்துப் போட்ட சம்பளம்

நேற்று என் அண்ணன் மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கங்கைகொண்டானில் ஏதோ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். வேலை, படிப்பு எல்லாம் போட்டு, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று சம்பளத்தையும் பட்டவர்த்தனமாகப் போட்டிருந்தார்கள். அவளுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்குத்தான், சொன்னால் சிரிப்பீர்கள், புகையிலை வாசனை வந்துவிட்டது.

அது செல்வியின் சாப்பாட்டுப் பையின் வாசனை. முக்கூடல்காரி. அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுவார். பை, துப்பட்டா, தலையில் வைத்த பிச்சிப்பூ வரைக்கும் அந்த நெடி ஒட்டியிருக்கும். அதே கங்கைகொண்டானில் வேறொரு கம்பெனியில் நானும் அவளும் ஒரே நாளில், ஒரே வேலைக்குச் சேர்ந்தோம். ஜங்ஷனில் கம்பெனி பஸ் ஏறினால் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். என் அம்மா வைக்கும் தேங்காய்ப்பால் சொதியில் பாதிக்குமேல் அவள் வயிற்றுக்குத்தான் போகும். இது யாருக்கு வைத்த சொதியோ என்று நான் முனகுவேன்.

எங்களுக்கு வந்த விளம்பரத்தில் 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்று மட்டும் இருந்தது. நேர்முகத்தில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். சென்னையில் இருக்கும் அத்தான் சொல்லிக்கொடுத்த தொகையைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, அதிகம் கேட்டுவிட்டோமோ என்று யோசித்தபடியே வெளியே வந்தேன். செல்வி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "நீங்க பாத்துப் போடுங்க சார்." வேலை கொடுப்பவரிடம் வாய்விட்டுக் காசு கேட்பது மரியாதைக் குறைவு என்றுதான் எங்களை வளர்த்திருந்தார்கள். சேர்ந்த அன்றே, சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்று உத்தரவும் வந்தது. மாதவிடாய் வலியைக்கூடப் பேசிய நாங்கள் அதை மட்டும் பேசவில்லை.

பிறகு அவளுக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை எங்கள் தெருவில் இருந்தார். என் சம்பளத்தைப் பெருமையோடு என் அம்மா அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெண் பார்த்த அன்று செல்வியின் அம்மா மகளின் சம்பளத்தை உள்ளபடி சொல்ல, இரண்டும் ஒட்டவில்லை. ஒரே வேலை, ஒரே கம்பெனி, அதெப்படிக் குறையும்? மீதியைப் பிறந்த வீட்டுக்கு ஒதுக்குகிறாள், இப்போதே மறைக்கிறவள் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசி, இந்த இடமே வேண்டாமென்று விட்டார்கள். பொய்யே சொல்லத் தெரியாதவளுக்குப் பொய்க்காரி என்று பெயர்.

மறுநாள் பஸ்ஸில் கேட்டாள்: "ஒனக்கு எவ்வளவுட்டி?"

சொன்னேன்.  தாழையூத்து தாண்டும்போது பையச் சொன்னாள்: "பாத்துப் போடுங்கன்னு சொன்னேன். என்னைய பாத்துத்தான் போட்டிருக்காவ."

சண்டை போட்டிருந்தால் தேவலை. அடுத்த நாள் முதல் பின் இருக்கைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போனதாகச் சொன்னார்கள். மனசு கேட்காமல் முக்கூடலுக்குப் போனேன். அவள் அம்மா மடியில் சொளவு முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். கோபமே இல்லை. "ஆயிரம் பீடிக்கு என்ன கூலின்னு இந்தத் தெருவுக்கே தெரியும். படிச்ச புள்ளையளுக்கு மட்டும் அத ஏம்மா மறைக்காவ?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்த அம்மா இப்போது இல்லை. செல்வியின் பழைய எண் வேறு யாருக்கோ போய்விட்டது. எடுத்தவர் இந்தி பேசினார். அந்தக் கம்பெனியும் மூடிக் கிடக்கிறது.

அண்ணன் மகளும் அவள் சிநேகிதியும் சேர்ந்து விண்ணப்பிக்கிறார்களாம். யார் எவ்வளவு கேட்பது என்று கைபேசியிலேயே சத்தமாகப் பேசி முடித்துவிட்டார்கள். கேட்கக் கேட்க சந்தோஷமாகவும் இருந்தது, செல்வி ஞாபகமும் வந்தது.

"அத்தை, ஒங்ககூட வேலை பாத்தவுக யாராச்சும் இப்ப கங்கைகொண்டான்ல இருக்காவளா?" என்று கேட்டாள்.

ஒருத்தரும் இல்லை என்றேன்.