துரை வேடத்துக்கு வாய்த்த முகம்

மின்துறையில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை பார்த்த கலியமூர்த்திக்குப் பூனைக்கண். நிறமும் வெளுப்பு. முப்பத்தெட்டு வருடம் எங்கள் நாடகக் குழுவில் அவர் பிரெஞ்சுத் துரையாகவே நடித்ததற்கு வேறு காரணம் இல்லை. நாடகங்களை எழுதியவன் நான். அவர் இறந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

முதல் நாடகம் 1986-ல், பிரெஞ்சுக்காரரிடமிருந்து எங்கள் ஊர் விடுதலை பெற்ற நாளையொட்டி, சாரம் பகுதியில் ஒரு திடலில் நடந்தது. அவர்கள் ஆட்சியில் மில் தொழிலாளர்கள் உரிமை கேட்டு நின்றதும் துரை சுடச் சொன்னதும்தான் கதை. "சுடு" என்று அவர் கையைத் தூக்கியதும் கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. திரைக்குப் பின்னால் வந்து அதைத் தூக்கிக் காட்டினார்.

"புதுச் செருப்பு வாத்தியாரே! ஜோடியா வீசியிருந்தா போட்டுகினு போயிருப்பேன்."

அவர் வீட்டில் இந்தச் சிரிப்பு எடுபடவில்லை. அம்மா அன்னக்கிளி நாடகம் பார்க்க வரவே மாட்டேன் என்றுவிட்டார். கணவர் நல்ல கறுப்பு. பிள்ளை இப்படிப் பிறந்ததிலிருந்து தெருக்குழாயடியில் அவர் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "உங்க வூட்டுக்கு எந்தத் தொரை வந்துட்டுப் போனான்?" அந்தப் பேச்சுக்கு நான் கோட்டும் தொப்பியும் மாட்டி மேடை ஏற்றியிருந்தேன்.

"நீ மில் ஆளா நடிக்கற அன்னிக்கி வர்றன். அது உங்க தாத்தன் வேசம்" என்றார் அன்னக்கிளி. கலியமூர்த்தியின் தாத்தா மில்லில் நெய்தவர். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் தொடையில் குண்டு வாங்கியவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒத்திகை தொடங்கும்போது கலியமூர்த்தி என்னிடம் கேட்பார். "இந்த வருசமாவது எனக்குத் தொழிலாளி வேசம் குடு வாத்தியாரே."

"ஒன் மூஞ்சிய வச்சிகினு தொழிலாளியா? தொரைக்கு நான் எங்க போவேன்?"

"கரி பூசிக்கறேன்பா."

நான் சிரித்துத் தட்டிக் கழிப்பேன். அவரும் கோட்டை மாட்டிக்கொள்வார்.

ஊர் மாற மாற நாங்கள் காட்டிய துரையும் மாறினார். தொண்ணூறுகளில் முன்வரிசையில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள் உட்கார ஆரம்பித்தன. ஒரு பெரியவர் என்னை "மிசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டு, "எங்க அப்பா அவங்க பட்டாளத்துல இருந்தவரு. இவ்ளோ கொடூரமாவா காட்டறது?" என்று வருந்தினார். அடுத்த வருடம் துரை சுடச் சொல்வதற்கு முன்னால் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரை எழுதியது நான். பிறகு கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் ஓட்டல்களாயின. ஓர் ஓட்டலுக்கு ஞாயிறுதோறும் இருபது நிமிட நாடகம் வேண்டியிருந்தது. மில்லையும் துப்பாக்கியையும் வெட்டினேன். துரை வாசலில் நின்று "போன்சூர்" சொல்லி விருந்தினரை வரவேற்றார். வந்தவர்கள் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மீட்டர் பார்க்கப் போகும் தெருக்களில், "தொர வந்துட்டாரு, ஏசிய நிறுத்துங்கடா" என்பார்கள். அவரும் தொப்பியைத் தூக்குவதுபோல் வெறுங்கையைத் தூக்குவார்.

போன வருடம் நிலவன் என்ற இளைஞர் எங்கள் பழைய நாடகத்தைப் புதிதாகப் போட வந்தார். "மூஞ்சி பாத்து வேசம் குடுக்கறதில்ல சார். சீட்டுக் குலுக்கிப் போடறோம்" என்றார். துரை வேடம் பூவிழி என்ற கல்லூரிப் பெண்ணுக்கு விழுந்தது. கலியமூர்த்திக்கு வந்த சீட்டில் 'சுடப்படும் தொழிலாளி' என்று இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனார்.

நவம்பரில், சாரத்து மண்டபம் ஒன்றில் நாடகம். இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் அன்னக்கிளி, எண்பத்து மூன்று வயதில், பட்டுப்புடவையில். நிலவனின் முறைப்படி நடிகர்கள் சிலர் பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்து, திடீரென்று எழுந்து வசனம் பேசினார்கள். மூன்று பேர் அப்படிப் பேசி முடித்திருந்தார்கள். பூவிழி கையைத் தூக்கினாள். கலியமூர்த்தி விழுந்தார். அப்படி ஒருவர் விழுந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் முதலில் மடிந்தது, பிறகு தோள், கடைசியாக முகம்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், தொரையவே சுட்டுட்டாங்கடா!"

மண்டபமே சிரித்தது. முப்பத்தெட்டு வருடம் அவரைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

அன்னக்கிளி முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எதுக்குடா சிரிக்கறீங்க? அவன் எம் புருசனுக்குப் பொறந்தவன்டா! குண்டடிபட்டவன் பேரன்டா அவன்!"

நான்காவது நடிகை எழுந்துவிட்டார் என்று நினைத்தார்கள். விசில் பறந்தது. செல்போன்கள் அவர் பக்கம் திரும்பின. "ஆயா செம ஆக்டிங்!" என்றான் ஒருவன். அவர் சுற்றிலும் பார்த்தார். இன்னும் ஏதோ சொன்னார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மேடையில் கலியமூர்த்தி செத்துக் கிடந்தார். விளக்கு அணையும்வரை பிணம் அசையக் கூடாது. அவர் விரல்கள் பலகையை அழுத்துவதைப் பார்த்தேன். எழுந்தால் அந்த வேடம் போய்விடும். எழாவிட்டால் அம்மா தனியாக நின்றுகொண்டிருப்பார். அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்த நானும் எழுந்து, இது நடிப்பில்லை என்று சொல்லவில்லை.

முடிந்ததும் நிலவன் ஓடிவந்தார். "ஆயா, அடுத்த ஷோவுக்கும் கண்டிப்பா வரணும். அந்த எடத்துல அப்படியே எழுந்துக்கணும்."

அன்னக்கிளி அவரைத் தாண்டி நடந்தார். மகனைப் பார்த்துக் கேட்டார். "எழுந்து வந்திருக்கலாமேடா?"

"செத்தவன் எப்படிம்மா எழுந்து வர்றது?"

"அது சரி" என்றார். இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்குக் கலியமூர்த்தி வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வழக்கமான வசனந்தானே வாத்தியாரே?"

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம், இறக்கும்வரை, ஞாயிறு தவறாமல் அந்த வாசலில் நின்று வரவேற்றார். அவருக்கு நான் வேறொன்றும் எழுதித் தரவில்லை.