சங்கு ஊதும் இடம்

போன மாதம் மருமகள் என்னை மூணாறுப் பக்கம் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் ரோஜா வாசனை. எனக்குத் தும்மல் வந்தது. அந்தக் கூடத்தில் வரவேண்டியது வாடிய தேயிலையின் பச்சை வாசனை அல்லவா? ஐம்பது வருடத்துக்கு முன்பு அதுதான் எங்கள் தொழிற்சாலை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து போய், இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தேன். வேலை பார்த்தேன் என்பது ஒரு மரியாதைக்கு. பாதி நேரம் சீட்டியடித்தேன்.

மேடையில் பார்த்தால் அருணாசலத்தண்ணன்! அன்று எஸ்டேட் லாரி ஓட்டியவர். இன்று வயது தொண்ணூற்றிரண்டு. மடியில் அதே உகுலேலே. நாலு கம்பி, முழங்கை நீளம். கிட்டாரின் கன்றுக்குட்டி என்று கேலி செய்வேன். கிளப்பில் துரைமார் போட்ட ஜாஸ் இசைத்தட்டுகளை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டே பழகியவர். பல் போய்விட்டது, தாளம் போகவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் சீட்டிக்கு அவர் கம்பி மீட்டுவார். அப்படித்தான் ஒருநாள் எனக்கே எனக்கென்று ஒரு மெட்டு வந்தது. (என் வாழ்நாளில் சொந்தமாக வந்தவை இரண்டு: அந்த மெட்டு, பிறகு மூலம்.) அதன் நடுவே தினமும் தொழிற்சாலைச் சங்கு ஊதிக் கெடுக்கும். "ஏலே, அதையும் பாட்டுல சேத்துருவோம்" என்று அந்த இடத்தில் எட்டுத் தட்டு சும்மா விட்டார். சங்கு ஓய்ந்ததும் மீதியை முடித்துவிட்டுத்தான் மாடியேறுவோம்.

"இது உம் பாட்டுடே. எங்க வாசிச்சாலும் உம் பேரச் சொல்லிட்டுத்தான் வாசிப்பேன்" என்றும் சொன்னார்.

விடுதி மேடையிலும் அதைத்தான் எடுத்தார். பெயர் சொன்னால் எழுந்து நிற்கவேண்டுமே என்று நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எஞ் சம்சாரம் போனப்ப நானே கட்டுன மெட்டு இது," என்றார் மைக்கில். "நடுவுல ஒரு எடத்துல சத்தம் இருக்காது. அவ மூச்சு நின்ன எடம்."

அவர் சம்சாரம், அந்த அக்கா, போய்ப் பத்து வருடம்தான் ஆகிறது. மெட்டுக்கு வயது ஐம்பது.

அந்த இடம் வந்தது. கூடமே உருகி நின்றது. 'ஊ'வென்று ஒரு சங்கு ஊதினால் போதும், குட்டு உடைந்துவிடும். மூச்சை இழுத்தேன். எதிர் மேசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இழுத்ததை அப்படியே விழுங்கினேன்.

"ஏனுங் மாமா, அழுவறீங்களா?" என்றாள் மருமகள்.

"சூப்புல மொளகு சாஸ்திங்கம்மிணி."

வயசு தொண்ணூற்றிரண்டு, மறந்திருப்பார், மறந்திருந்தால் மன்னித்துவிடலாம் என்று கிட்டே போனேன். கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார்: "ஏலே, நீ உக்காந்திருக்கதப் பாத்தேன். எங்க சங்கு ஊதிருவியோன்னு பயந்துட்டேம்லா!"

சிரித்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

வாசலில் அந்தப் பழைய சங்குக் குழலை நிமிர்த்திப் பூந்தொட்டியாக்கியிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது குனிந்து, அதன் வாயில் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே மண். சத்தம் எழவில்லை.