வழி என்று மட்டும் இருந்த குறிப்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மருத்துவமனையின் சர்வர் எழும்பவில்லை.

முந்தின நாள் மாலை மலையில் நல்ல இடி. வெளிச்சம் ஒரு முறை பளிச்சென்று வந்து, வளாகம் முழுவதும் கரண்ட் போனது. காலையில் நான் சர்வர் அறையைத் திறந்தபோது கருகிய வாசனை. சர்வரும், அதன் பக்கத்தில் பேக்கப் எடுக்கும் கணினியும் இரண்டுமே செத்திருந்தன. நான் கதவருகே நின்று பார்த்தேன். பயம் வரவில்லை. பதற்றமும் வரவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிரியமானவர்களே, இதைப் படிக்கும் சிலருக்கு என்னைத் தெரியாது. என் பெயர் ஹெலன். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனையில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். அங்கே கணினிகள், அவற்றில் இருக்கும் நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் என் பொறுப்பு. அன்றைக்கு என் கணவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்காக நான் பதினோரு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவேன், பாடுவேன், வருவேன். உள்ளே ஒன்றும் அசையாது. சோறு சோறாகத் தெரியாது. யாராவது சிரித்தால் நானும் சிரிப்பேன்.

வேலையும் அப்படித்தான் ஓடியது. பேக்கப் மென்பொருள் தினமும் ஒரு அறிக்கை அனுப்பும். பச்சை நிற டிக் இருந்தால் நேற்றைய விவரங்கள் பத்திரமாகப் பிரதி எடுக்கப்பட்டுவிட்டன என்று அர்த்தம். நான் டிக்கைப் பார்த்து மூடிவிடுவேன். மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் அந்தப் பிரதியிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பும் நான் பேக்கப் கணினியிலேயே திறந்து பார்த்துவிடுவேன்; பதினான்கு மாதங்களாக அதையும் செய்யவில்லை. ரிஜிஸ்டரில் மட்டும் "செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தேன். இதை நான் மறைக்கக் கூடாது.

பிரதிகள் வளாகத்தின் மறுகோடியில், மருந்தகக் கட்டிடத்தில் ஒரு தனிச் சேமிப்புப் பெட்டியில் இருந்தன. அங்கே இடி விழவில்லை. ஆகவே தைரியமாகவே ஒரு புது கணினியில் மென்பொருளை ஏற்றி அந்தப் பெட்டியோடு இணைத்தேன். எல்லாப் பிரதிகளும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது.

பெட்டி களவு போனாலும் நோயாளிகளின் விவரம் வெளியாள் கையில் சிக்கக் கூடாது என்று, ஆரம்பத்திலேயே பிரதிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பழைய கணினி அந்தப் பாஸ்வேர்டைத் தானே நினைவில் வைத்திருந்ததால் இத்தனை வருடம் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கணினி இப்போது இல்லை. பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்துக்குக் கீழே, அதை வைத்தவர் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல். வழி.

எங்கள் மருத்துவமனையில் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். இயேசுவின் நாமத்தை ஒவ்வொரு விதமாக அடித்தேன். வேதத்தில் வழி என்ற சொல் வரும் அதிகாரங்களையும் வசன எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். மதியம் வரைக்கும் அடித்தேன். மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சொல் இல்லாமல் தங்களாலும் திறக்க முடியாது, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்றாள்.

அன்று மதியம் முனியம்மா வந்தாள். மேலே ஒரு குக்கிராமத்தில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவள். இருதய வால்வு மாற்றியவள் என்பதால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. போன வருடமும் அப்படி ஆகி, அப்போதிருந்த மருத்துவர் எந்த மருந்து அவளுக்குச் சேரவில்லை என்று கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். அது கணினியில் இருந்தது. அவளிடம் இருந்த சீட்டு மழையில் நனைந்து கூழாகிவிட்டது. என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்றால், ரோஸ் கலர், வெள்ளை, அப்புறம் சந்தையில் வாங்கினது ஒன்று என்றாள்.

எங்கள் கண்காணிப்பாளர் டாக்டர் கிரேஸ் என் அறைக்கு வந்தார். கோபப்படவில்லை.

"ஹெலன், இரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய நிறுத்தினா வால்வுல இரத்தக் கட்டி வந்துடும். குடுத்தா இரத்தம் போவும். பழசு எனக்குத் தெரியணும். இன்னும் எத்தன நாளு ஆவும்?"

தெரியவில்லை டாக்டர் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் எதுவும் இருந்திருக்காது. அந்தம்மாவை வேலூருக்கு அனுப்பலாமா என்று யோசித்தார். மழையில் மலைப்பாதையில் ஒரு பக்கம் சரிந்திருந்தது, ஜீப்பும் ஏற்கனவே பிரசவக் கேஸோடு கீழே போயிருந்தது. வார்டிலேயே வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை மருத்துவமனை ஜெப அறையில் போய் உட்கார்ந்தேன். ஜெபிக்கவேண்டும் என்று போகவில்லை. சர்வர் அறைக்குப் போக முடியவில்லை, அதனால் போனேன். முழங்கால் போடவில்லை. கண்ணை மூடவில்லை. எதிரே சுவரில் ஈரம் இறங்கியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து, "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொன்னேன். அவ்வளவுதான். அந்த வார்த்தையிலும் உயிர் இல்லை.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. தரிசனம் எதுவும் வரவில்லை. ஒரு பெயர் வந்தது. ஸ்டீபன் அண்ணன்.

உண்மையில் அந்தப் பெயர் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே என் தொண்டையில் இருந்தது. நான்தான் விழுங்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் பாஸ்வேர்டு வைத்தவர் அவர். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். நான் அவருக்குக் கீழே சேர்ந்தவள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள், காத்திரு என்று அவர் சொல்லியும் கேட்காமல் ஒரு அப்டேட்டை நான் போட்டேன். மருத்துவமனை இரண்டு நாள் முடங்கியது. மருத்துவமனைக் கமிட்டி விசாரித்தபோது, அண்ணன் கவனக்குறைவாக இருக்கிறார் என்று நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாய் திறக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது.

பழைய எண்ணுக்குப் போன் போட்டேன். அது உபயோகத்தில் இல்லை. இன்னும் கீழேயே இருந்த ஜீப் டிரைவரிடம் போனில் விசாரித்தேன். சந்தவாசலில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார் என்றார். நம்பர் அவரிடமும் இல்லை. ஆகவே பஸ் ஏறினேன். ஏற வேண்டும் என்று தைரியம் வந்து ஏறவில்லை. கால் போனது, நானும் போனேன்.

போளூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து சந்தவாசல் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. கடை வாசலில் நாலைந்து தண்ணி மோட்டார்கள் பிரித்துப் போட்டிருந்தன. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, இவ்ளோ தூரம்? உக்காரு."

நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை என்றார்.

"போறப்பவே கவர்ல எழுதித் தரவான்னு கேட்டேனேம்மா. வாணாம், எல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்லிட்ட."

அதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறவர்போல்தான் சொன்னார்.

வழி என்று குறிப்பு இருக்கிறது என்றேன். வசனமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கண்ணை மூடி யோசித்தார். சிலதைச் சொன்னார். எல்லாம் நான் அடித்துப் பார்த்தவை. அவர் மறுபடியும் கம்பியைக் கையில் எடுத்தார். அப்போது நான் சொன்னேன். அன்று அப்டேட்டைப் போட்டது நான், கடிதத்தில் எழுதியது பொய் என்று. மாத்திரைப் பெயரைப் படிப்பதுபோல் சொன்னேன். அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"தெர்யும்," என்றார். "யாரு போட்டாங்கன்னு கம்ப்யூட்டர் லாக்குல பதிவாவும்ல, அதுல உன் பேருதான் இருந்துச்சி."

"ஏண்ணா கமிட்டில சொல்லல?"

"உனக்குக் கல்யாணமாயி ஒரு மாசங்கூட ஆவல. புது வூட்டுக்குப் போனவ மேல இத்தப் போடணுமான்னு வுட்டுட்டேன்." பிறகு மெதுவாக, "அவுரு போய்ட்டாருன்னு கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன். நீ இன்னா நெனைப்பியோன்னு வரல" என்றார்.

அவர் எழுந்து கையைத் துடைத்தார். உள்ளே போய் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஞாபகம் வருகிறதோ இல்லையோ, அந்தக் கணினி முன்னால் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். மூன்று மோட்டார்களை அன்று மாலைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தாராம். போகும்போது கடைப் பலகையைச் சாத்திவிட்டு வந்தார்.

போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ் கிடைத்தது. நான் பெண்கள் பக்கம், அவர் இரண்டு வரிசை முன்னால். அத்திமூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. மண் சரிந்த இடத்தில் பஸ் ஓரமாக ஊர்ந்தது. நான் முனியம்மாவை நினைக்க முயன்றேன். நினைவு நிற்கவில்லை. கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். செக்போஸ்ட் இறங்கு. பலாமரம் வா. பாறைக்கோயில் யாரு?

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, அது வேதத்துல வர்ற வழி இல்ல. இந்த வழி. நான் தெனம் வந்துட்டுப் போன வழி. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மொத ரெண்டு எழுத்து."

அவர் வேலை செய்த காலத்தில் தினமும் இந்த பஸ்ஸில்தான் வந்தார். அந்த எழுத்துகளை என் கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறமே எழுதினோம்.

நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் உட்கார்ந்து அடித்தார். திறக்கவில்லை. மறுபடி அடித்தார். திறக்கவில்லை. டாக்டர் கிரேஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் விரல் விட்டு நிறுத்தங்களை முதலிலிருந்து எண்ணினார். பிறகு, முன்பு மர மில் என்று ஒரு ஸ்டாப் இருந்தது, இப்போது அங்கே பஸ் நிற்பதில்லை என்றார். அந்த இரண்டு எழுத்தையும் இடையில் சேர்த்து அடித்தார்.

திறந்தது.

 டாக்டர் "ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொன்னார். எல்லாம் திரும்பி வர மறுநாள் வரை ஆகும் என்பதால் முனியம்மாவின் பக்கத்தை மட்டும் முதலில் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் நின்றபடியே படித்தார். வலிக்காக அவள் சந்தையில் வாங்கிச் சாப்பிட்ட அதே வகை மாத்திரைதான் போன வருடமும் அவளுக்கு ஆகாமல் போயிருக்கிறது. அதை நிறுத்தி, பழைய அளவைப் பார்த்து மருந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை இரத்தம் நின்றது. அடுத்த வாரம் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

எல்லாரும் என்னிடம், எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று கேட்கிறார்கள். பொய் சொல்ல விரும்பவில்லை. எதுவும் இருக்கவில்லை. அண்ணன் கேன்டீனில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினார். கை காட்டினேன். திரும்பி வந்து திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று தெரிந்தது. அவருடைய போன் எண் கிடைத்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். ஜீப் இருந்திருந்தால் நாங்கள் பஸ்ஸில் வந்திருக்க மாட்டோம், கண்டக்டர் குரலை அவர் கேட்டிருக்கவும் மாட்டார். ஜெப அறையில் உணர்ச்சியே இல்லாமல் சொன்ன ஒரு வரியை ஒருவர் கேட்டிருக்கிறார். இதை நான் உணரவில்லை. அறிந்திருக்கிறேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டாவது கடிதம் ஒன்று எழுதி, நானே எழுந்து நின்று வாசித்தேன். நான்கு வருடத்துக்கு முந்தின பொய்யையும், ரிஜிஸ்டரில் போட்ட பொய்க் கையெழுத்துகளையும் சொன்னேன். எழுத்துமூலம் கண்டித்தார்கள். வேலையில் வைத்துக்கொண்டார்கள். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரும்படி எழுதினார்கள். அவர் வரவில்லை, காயில் கட்டுவதே பிடித்திருக்கிறது என்றார். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலை ஏறி வருகிறார். இரண்டு பேருமாக வேறொரு கணினியில் பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். பாஸ்வேர்டு ஒரு கவரில் டாக்டரின் பீரோவில் இருக்கிறது.

என் கணவருக்காகச் செய்த ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தக் கேள்வியை நான் கீழே வைக்கவில்லை. ஆனாலும் இப்போது தினமும் காலையில் ஜெப அறையில் உட்காருகிறேன். சில நாள் சாப்பாட்டில் உப்பு தெரிகிறது.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது என்னைப்போல் மரத்துப்போய் இருந்தால், உள்ளம் உருகட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அப்படியே போய் உட்காருங்கள். ஒரு வரி போதும். அதற்குப் பிறகு ஒரு பெயர் வரலாம். அது நீங்கள் போய்ப் பார்க்க விரும்பாத ஆளுடைய பெயராக இருந்தால், தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள். எழுந்து போங்கள்.

ஆமென் என்று சொல்லும்போது எனக்கு இன்னும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. இருந்தாலும் நன்றியோடு சொல்கிறேன். ஆமென்.