கலா எழுதிய டோக்கன் திரை

டெஸ்டிங் டீமை மூடப்போகிறோம் என்று மேனேஜர் கிரீஷ் சொன்ன அன்றே, டெவலப்மென்ட் பார்க்கும் என்னிடம் கலாவை அனுப்பினார். கலா மர்பி டவுனிலிருந்து வருபவர். பல வருடம் டெஸ்டிங்கில் இருந்துகொண்டே பைத்தான் எழுதப் பழகியவர். ஒக்கலிபுரத்தில் ஒரு கண் கிளினிக்குக்கு டோக்கன் போடும் வெப் அப்ளிகேஷன் வேண்டும். அதை முடித்துக் கொடுத்தால் கலா டெவலப்பராக இருக்கலாம். இல்லையென்றால் டீமோடு அவரும் வெளியே.

பின்னால் ஓடும் வேலை பைத்தானில், வெப் வேலைக்கென்றே இருக்கும் ஃபிளாஸ்க் என்ற டூலை வைத்துச் சுலபமாக முடிந்தது. சிக்கல் திரையில்தான்.

"ரியாக்ட் போட்டுடுங்க. கஸ்டமர்கிட்ட சொல்லிக்க நல்லா இருக்கும்," என்றார் கிரீஷ். சொல்லிக்கொள்வதற்காக டூல் எடுப்பது எங்கள் ஊரில் பழைய வியாதி. ரியாக்ட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். அதுவே தெரியாத கலா இரண்டு வாரம் முட்டி மோதினார். திரையில் வந்தது தலைப்பு மட்டும்.

"விடுங்க, ஸ்ட்ரீம்லிட் எடுப்போம்," என்றேன். பைத்தான் மட்டும் எழுதினால் போதும், திரையை அதுவே அமைத்துவிடும். மறுநாளே டெமோ ரெடி. கிரீஷுக்கு வாயெல்லாம் பல். மூவருமாக அதைக் கிளினிக்கில் காட்டப் போனோம்.

கிளினிக் கவுண்டரில் இருந்த மேரியம்மா விவேக் நகர்க்காரர். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. டாக்டர் பெயரைத் தேர்ந்தெடுத்தார். திரை மங்கித் தெளிந்தது. நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், மறுபடி மங்கியது.

"ஏம்மா, ஒவ்வொரு வாட்டி தொட்டாலும் இது முதல்லேர்ந்து யோசிக்குதே. க்யூவுல நிக்கிறவங்க என்னையில்ல திட்டுவாங்க."

அது ஸ்ட்ரீம்லிட்டின் குறை அல்ல, சுபாவம். ஒன்றைத் தொட்டால் முழு ப்ரோகிராமும் மேலிருந்து கீழாக ஓடும். கிராஃப் காட்ட அருமையான டூல். ஆள் காத்து நிற்கும் அந்தக் கவுண்டருக்கு ஒத்துவரவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கிரீஷ் தன் கன்னடம் கலந்த தமிழில், "அதக்கே ரியாக்ட்னு சொன்னேன். தெரிஞ்ச ஆள் ஒருத்தர எடுத்துக்கலாம்," என்றார். கலா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"சார், பழைய மாதிரி எச்.டி.எம்.எல் பக்கமாவே எழுதிட்டா என்ன?" என்றார் கலா. "டெஸ்டிங்ல தினம் அதத்தானே தோண்டிட்டு இருந்தேன். பட்டன் எங்க இருக்கு, ஃபார்ம் எங்க போகுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

உண்மைதான். ஒரு பட்டனை டெஸ்டிங் ஸ்கிரிப்ட் தானாகத் தட்டிப் பார்க்க வேண்டுமென்றால், பக்கத்தின் எச்.டி.எம்.எல்லைத் துழாவித்தான் அந்தப் பட்டனைப் பிடிக்க வேண்டும். டெஸ்டிங்காரர்களுக்கு அதுதான் பிழைப்பு.

ஃபிளாஸ்க்கோடு வரும் எச்.டி.எம்.எல் டெம்ப்ளேட்டே போதும் என்று முடிவானது. திரையில் மாறவேண்டிய துண்டை மட்டும் மாற்ற எச்.டி.எம்.எக்ஸ் என்ற சின்ன டூலைச் சேர்த்தோம். அதையும் எச்.டி.எம்.எல்லுக்குள்ளேயே எழுதிவிடலாம். அடுத்த வாரம் கலா கிளினிக்கில் போட்டுக் காட்டினார். மேரியம்மா நாலைந்து டோக்கன் போட்டுப் பார்த்துவிட்டு, "ம், இது சரி," என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய சர்டிஃபிகேட்.

எந்த டூல் நல்லது என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. இதுவரை எதில் கை பழகியிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்தால் போதும்.

மாதக் கடைசியில் டெஸ்டிங் டீமுக்கு ஃபேர்வெல். போகிறவர்கள் கேக்குக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். கலா பழக்கதோஷத்தில் அவர்களோடு போய் நின்றுகொண்டார்.

"கலா, நீங்க இந்தப் பக்கம் வாங்க," என்றார் கிரீஷ்.

கலா வந்தார். கேக் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.