கரைக்கு வந்து வருகை போட்ட வாத்தியார்

அன்று கரையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகாமல் இறால் உரித்துக்கொண்டிருந்த என் மகள், அப்புறம் வாத்தியார். கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள். ஷூவில் எப்போதும் மணல் இருக்கும். இப்போது பிள்ளைகளின் வருகையைப் போனில்தான் பதிய வேண்டுமாம். எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் டவர் கிடைக்காது. அதனால் தினமும் கரைக்கு வந்து, என் படகின் மேல் ஏறி நின்று அனுப்புவார்.

"இன்னிக்கும் வரலன்னு போட்டா, உங்க பொண்ணு பேரு படிப்ப நிறுத்துன புள்ளைங்க லிஸ்ட்டுக்குப் போயிடும்" என்றார்.

"இன்னா சார், வந்துச்சுன்னு போட்டுடு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"வெறும் வலையோட வந்துட்டு, மீன் இருக்குன்னு ஏலம் வுடுவீங்களா?"

"வுடும் சார் இந்த ஆளு" என்றாள் என் மனைவி. மகள் கையிலிருந்த இறாலைப் பிடுங்கிக்கொண்டு, "நீ கெளம்புடி" என்றாள்.

மகள் அவர் பக்கத்தில்தான் நின்றாள். அங்கேயே போட்டிருக்கலாம். அவர் அவளைக் கூட்டிப்போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, சுடுமணலில் திரும்பி வந்து படகில் ஏறினார். ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"இன்னிக்கு மொத்தம் எவ்ளோ பேரு வந்துக்கீறாங்க சார்?" என்றேன்.

போனைப் பார்த்துச் சொன்னார். என் மகளோடு இருபத்தாறு.