துப்பட்டா பறக்காத படங்கள்

முதலில் யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். அப்புறம் யாரும் "வேறு யாராவது உள்ளே வந்திருப்பாங்க" என்று என்னிடம் சொல்லக் கூடாது.

போட்டோகிராபர் சிவசங்கர், கேமராவோடு தரையில் சம்மணம் போட்டு. மாடல் அமலா, பெரிய ரோலர் மெஷினை ஒட்டிப் போட்ட மரப்பெட்டி மேல். உடைகளைக் கவனிக்கும் நான், பத்தடி தள்ளி, லேப்டாப் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். வாட்ச்மேன் கோதண்டம், ஷட்டர் ஓரம் ஸ்டூலில். நான்கே பேர். வல்லம் வடகால் பக்கம் மூடிக் கிடக்கிற ஒரு கம்பெனி ஷெட். செவ்வாய்க்கிழமை, பிற்பகல். நடந்ததில் ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு பத்திரிகைக்காக எட்டுப் படத்தில் ஒரு கதை. ஷிப்ட் முடிந்த பெண் ஒருத்தி, கம்பெனி உற்பத்தி லைனை விட்டு வெளியே நடந்து போகிறாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் யோசித்தோம். நீளச் சிவப்புத் துப்பட்டா மட்டும் அமலாவின் யோசனை. அவள் நிஜமாகவே ஒரகடத்தில் லைனில் நிற்கிறவள். இதுதான் முதல் ஷூட்.

"அங்க துப்பட்டாவ கோட்டுக்குள்ள சொருவிக்கினே நிக்கணும்க்கா. மெஷின் இழுத்துடும்னு. படத்துலயாவது பறக்கட்டுமே."

நன்றாக வந்தால் அட்டைப்படம் என்று ஆசிரியர் பிரவீனா மேடம் சொல்லியிருந்தார்.

கேமராவிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர். எடுத்த இரண்டு நொடியில் படம் என் முன்னால் வந்துவிடும்.

3.42. முதல் படம். துப்பட்டா பறந்தது.

3.47. இரண்டாவது. ஒரு முனை இடுப்பில் சொருகியிருந்தது.

"ஏன்டி சொருவுன?"

"நான் தொடலக்கா."

போய் எடுத்துவிட்டு வந்தேன்.

3.51. மூன்றாவது. இப்போது இரண்டு முனையும் இடுப்பில்.

"பவுடர் பூசுனதும் அமலா மேடத்துக்கு மறதி வந்துடுச்சி," என்றார் சிவசங்கர். அமலா சிரிக்கவில்லை.

கண்ணால் பார்க்கும்போது பறக்கிறது. படத்தில் சொருகியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால்... சொருகித்தான் இருக்கிறது.

3.56. நான்காவது. அதேதான்.

4.02. ஐந்தாவது. முதுகுப் பக்கம் முடிச்சே போட்டிருந்தது. அவிழ்க்கப் பார்த்தேன். நகம் உடைந்தது. முடிச்சு அசையவில்லை.

"அக்கா... பின்னால யாரோ இழுத்து இழுத்துக் கட்டுறாங்க. கை ஜில்லுனு கீது."

"இறங்குடி."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார் சிவசங்கர்.

4.06. ஆறாவது.

கிர்ர்ர்...

ரோலர் சுற்றியது.

பின்னால் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணி... சரக்! எட்டடித் துணி. ஒரே இழுப்பில் ரோலருக்குள்.

அமலா ஒரு சாண் தள்ளி.

ரோலர் நின்றது.

க்ளிக்.

கேமரா தரையில் கிடந்தது. யாரும் அழுத்தவில்லை.

திரையைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினேன். ஓடினோம்.

வெளியே கோதண்டம் பீடியைப் பற்றவைத்தார். "அதுல மோட்டாரே இல்லம்மா. போன ஆடியிலயே கழட்டி வித்துட்டாங்கோ."

அப்புறம் அவரே சொன்னார். "சசிகலான்னு ஒரு பொண்ணு. இந்த மெஷின ஆப் பண்ணிட்டு தொடச்சிக்கினு இருந்துச்சி. துப்பட்டா வெளிய தொங்கிச்சி. மெஷின் இழுத்துக்கிச்சி, அங்கயே போயிடிச்சி. தானா ஓடிச்சின்னாங்கோ. யாரும் பட்டன தொடலன்னு எழுதி மூடிட்டாங்கோ."

புதன்கிழமை பிரவீனா மேடம் போனில் பேசினார். முதல் ஆறு படங்களை சிவசங்கர் அனுப்பியிருந்தார். துப்பட்டா ஒன்றில்தான் பறக்கிறதாம். சனிக்கிழமை அதே மெஷின் முன்னால் மறுபடி எடுக்க வேண்டுமாம். சிவசங்கர் வர மாட்டேன் என்றதால் வேறு ஆள். நான் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "நல்லா இருக்கே புஷ்பம். அதையும் கதையில சேர்த்துடலாம்."

போகாதே என்று அமலாவிடம் கெஞ்சினேன். "அட்டைப்படம்க்கா. அது வந்தா நான் லைனுக்கே போவ வேணாம். போறேன்."

அன்று இரவுதான் லேப்டாப்பைத் திறந்தேன். ஏழாவது படம். நேரம் 4.07.

அமலாவின் முதுகு. முடிச்சு. அதைப் பிடித்தபடி ஒரு கை, கம்பெனி நீலக் கோட்டுக்குள்ளிருந்து. சின்னப் பெண்ணின் கை.

அதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

இடது ஓரத்தில், மெஷினின் பச்சைப் பட்டன் மேல்... இன்னொரு கை. கட்டைவிரல் அழுத்தியபடி.

வாட்ச் கட்டிய ஆண் கை. எங்கள் நான்கு பேரில் யாருடையதும் இல்லை.

போனில் அனுப்பினால் மறுபடி சிரிப்பார். படத்தைப் பிரிண்ட் போட்டேன். கடிதத்தில் இரண்டே வரி. "மேடம், பட்டன் மேல் இருக்கும் கையைப் பாருங்கள். அமலாவை அங்கே அனுப்பாதீர்கள்."

உறையை ஒட்டினேன். இன்று வியாழன். காலை 11.20. ஸ்பீட் போஸ்ட் கவுன்ட்டரில் கேட்டார்கள், "உள்ள இன்னா?"

"போட்டோ. நாளைக்குப் போயிடுமா?"

"போயிடும்."

முத்திரை குத்தி, உறையை எடுத்துப் பைக்குள் போட்டார்கள்.