ஆளில்லாத கடையின் வாடிக்கையாளன்

கசினோவுக்குப் போகிறவர்களில் மேசைக்காரர்கள் என்றும் மெஷின்காரர்கள் என்றும் இரண்டு வகை உண்டு. நான் மெஷின்காரன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மேசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தவன். ஓட வைத்தது தோல்வி அல்ல, என் வலது கை.

இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று காலம். மெல்பேர்னின் மேற்குப் புறத்தில், ட்ருகனினாவில், பெயின்ட் மணம் போகாத ஒரு புது வீட்டில் மதுரைக்கார நண்பன் ஒருவனோடு வாடகைக்கு இருந்தேன். பக்கத்திலேயே ஒரு வெயர்ஹவுஸில் அலுவலக வேலை. சனிக்கிழமை வந்தால் அந்தப் புறநகரில் எங்களைத் தவிர அசைகிற உயிர் எதுவும் இருக்காது. அதனால் ஒரு சனிக்கிழமை நண்பன் என்னை நகரத்துக்கு, ஆற்றங்கரையில் இருந்த கசினோவுக்கு அழைத்துப் போனான்.

முதலில் போனது ரூலெட் மேசைக்குத்தான். சுழல்கிற சக்கரத்தில் குண்டு எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பந்தயம் கட்டுகிற ஆட்டம். பச்சைத் துணியில் கட்டம் கட்டமாக எண்கள். மறுபக்கத்தில் கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட ஒரு சீனப் பெண். காசைக் கொடுத்தால் அவள் பதிலுக்குச் சிப்ஸ் என்கிற வில்லைகள் தருவாள், அதை எண்களில் வைக்க வேண்டும் என்று நண்பன் சொல்லியிருந்தான். நான் வளர்ந்த முறைப்படி நோட்டை வலக் கையில் பிடித்து, இடக் கையால் வல முழங்கையைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மரியாதை போதவில்லையாக்கும் என்று இன்னும் குனிந்து நீட்டினேன். அவள் மேசையை விரலால் தட்டிக் காட்டினாள்.

அங்கே மேசையை நடத்துகிற டீலர்கள் ஆட்டக்காரரின் கையிலிருந்து காசு வாங்கக் கூடாது. மேலேயிருக்கிற கமரா பார்க்கும்படி மேசையில்தான் வைக்க வேண்டும். அவள் அதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குப் புரிந்தது, கைக்குத்தான் புரியவில்லை. ஒருவர் முன்னால் காசை மேசையில் எறிவதாவது? மூன்றாம் முறையும் கை நீண்டது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"டேய் மச்சி," என்றான் நண்பன், "அவ என்ன உன்னைப் பொண்ணு பார்க்க வந்தவளா? நெளிஞ்சுக்கிட்டு நிக்கிற. வச்சுட்டு வாடா."

"வைக்க மனம் வருதில்லை மச்சான்."

"அப்ப வீட்டுக்குப் போயி மணியார்டர் பண்ணு."

அன்று அந்த வெட்கத்தோடு ஒதுங்கியபோதுதான் மெஷினைக் கண்டேன். நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் உண்மையான ரூலெட் சில்லு. வெள்ளைக் குண்டைக் காற்று ஊதிச் சுற்றவிடும். சுற்றிவர மெத்தைக் கதிரைகள், ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ஒரு திரை. நோட்டை மெஷினின் வாயில் வைத்தால் நக்கிப் பார்த்து விழுங்கும். பிறகு திரையில் எண்ணைத் தொட்டால் போதும். டீலர் இல்லை, பெருமூச்சு விடுகிறவர் இல்லை. தோற்றால் எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும், அதுவோ வெளியில் சொல்லாது. மேசையில் வைக்கிற மிகச் சிறிய பந்தயத்தைவிட இங்கே சிறிதாக வைக்கலாம் என்பதால், இது ஒரு சிக்கன நடவடிக்கை என்றுகூட என்னை நம்பவைத்துக்கொண்டேன். மேசையில் ஒரு சுற்று முடிந்து, டீலர் சிப்ஸை ஒதுக்கி, வென்றவர்களுக்கு அடுக்கிக் கொடுத்து முடிப்பதற்குள் மனிதருக்குப் புத்தி வர அவகாசம் இருக்கிறது. கூண்டு அந்த அவகாசத்தைத் தராது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் போக ஆரம்பித்தேன்.

இப்படியிருக்கும்போதுதான் சிட்னியில் சம்பந்தம் ஒன்று வந்தது.

பெண்ணை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பார்த்தேன். பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய தாயாரும் எனக்காக வந்த உறவினரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் நின்றார்கள். எங்கள் இருவரையும் கொஞ்சம் தள்ளி நிற்க விட்டார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், "நவக்கிரகத்தைச் சுத்தேக்குள்ள கணக்குப் பிழைச்சுப் போச்சு. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டதால நிப்பாட்டவும் வெக்கமாயிருந்தது. இன்னும் தலை சுத்துது" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பகிடிக்கு மதுரைக்காரன் ஒருநாளும் சிரித்ததில்லை, அம்மாவும் சிரித்ததில்லை. கல்யாணம் கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

முடிவெடுக்க வேண்டியவர் அவளுடைய தகப்பனார். சிட்னியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அன்று கடையை விட்டுக் கோயிலுக்கு வரவில்லை. அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில், "என்ர பிள்ளைக்கு ஒரு பழக்கமும் இல்லை" என்று அவருக்குச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, நேரில் பார்க்க மெல்பேர்னுக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கிளுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பாயிற்று.

யாரா ஆற்றங்கரையில் நடந்தோம். மெல்பேர்ன் மழை வழக்கம்போல் சொல்லாமல் வந்தது. அங்கிள் இருண்ட முகத்தோடு நின்றார்.

"தம்பி, அவசரமா ஒருக்காப் போகவேணும். பக்கத்தில எங்கயும் இடமிருக்கோ?"

பக்கத்தில் இருந்தது ஒரே இடம்தான். வேறு வழியில்லாமல் உள்ளே கூட்டிப்போனேன். முதல் தடவை வருகிறவன் மாதிரி வாயைப் பிளந்து மேலே பார்த்தபடி நடந்தேன். முகம் நடித்தது, கால்கள் நடிக்கவில்லை. இடம், வலம், தூணுக்குப் பின்னால் மறுபடி இடம் என்று எங்கேயும் தடுமாறாமல் அங்கிளைக் கழிவறை வாசலில் கொண்டுபோய் விட்டன.

"வழி நல்லாத் தெரியுது உமக்கு," என்றார்.

"அங்க எழுதியிருந்தது அங்கிள்."

அவர் திரும்பிப் பார்த்தார். எங்கேயும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அவர் கண் கண்ணாடிக் கூண்டில் விழுந்தது.

"இது என்னடாப்பா, ஆளில்லாமல் தன்பாட்டில சுத்துது?"

"தெரியேல்லை அங்கிள். ஏதோ மெஷின் போல."

"ஒருக்கா இருந்து பாப்பமே. மழையும் விடேல்லை."

கதிரையில் அமர்ந்து ஒரு நோட்டை எடுத்தார். எங்கே போடுவது என்று கேட்டார். நானும் தேடுகிறவனாகத் திரையின் மேலும் கீழும் தடவினேன். அதற்குள் பதிவு செய்த பெண் குரல், பந்தயங்களை வையுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"ஓம் பிள்ளை, பொறும்," என்றார் அங்கிள், திரையைப் பார்த்து. "தம்பி, கெதியாப் பாரும். அந்தப் பிள்ளை அவசரப்படுது."

பந்தயம் மூடப்படப் போகிறது என்று திரை சிமிட்டத் தொடங்கியது. அந்தச் சிமிட்டலைக் கண்டால் என் விரல்கள் என் சொல் கேட்பதில்லை. அங்கிளின் நோட்டை உள்ளே தள்ளி, சிவப்பைத் தொட்டு, இரண்டு மூலைகளில் எண்களைத் தொட்டு, கையை எடுத்தபோதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அங்கிள் திரையைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன் அங்கிள்," என்றேன்.

"கெட்டிக்காரன்தான்."

குண்டு கறுப்பில் விழுந்தது. அப்போது பானத் தட்டோடு சுற்றுகிற நடுத்தர வயதுப் பெண் வந்து என் தோளில் தட்டினாள். வாரா வாரம் என் முன்னால் தேத்தண்ணி வைக்கிறவள், அன்பானவள். அன்று அந்த அன்புதான் என் தலையில் விழுந்தது.

"த யூஷுவல், லவ்? பால் கூட, சீனி இரண்டு?"

அங்கிள் சிட்னியில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர். 'யூஷுவல்' என்றால் வழக்கமாகக் குடிப்பது என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே தனக்கும் சேர்த்து அவளிடம், "மேக் இட் டூ" என்றார்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் எழுந்து மேசைப் பக்கம் நடந்தார். சம்பந்தம் கூண்டுக்குள் சுற்றுகிற குண்டுமாதிரி எனக்குக் கண்ணில் தெரிந்தது. பின்னாலேயே போனேன்.

மேசையில் அவர் நோட்டை எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தார். கடைக்காரர் அல்லவா, மற்றவர்கள் வைப்பதை முதலில் நின்று பார்த்துக்கொண்டார். டீலர் சிப்ஸைத் தள்ளினாள். அவர் ஒன்றை எடுத்துச் சிவப்பில் வைத்து, அவளோடு பேச்சுக் கொடுத்தார். எத்தனை மணி வேலை, கால் நோகாதா, சாப்பாட்டுக்கு விடுவார்களா. அவளும் சில்லைச் சுழற்றிக்கொண்டே சிரித்துப் பதில் சொன்னாள். அங்கிள் தோற்றார். அவள் உதட்டைப் பிதுக்கி வருத்தம் தெரிவித்தாள்.

"பாத்தீரோ," என்றார் என்னிடம். "தோத்தாலும் முகம் ஒண்டு இருக்குது, ஐயோ பாவம் எண்டு சொல்ல. நீர் இருக்கிற இடம் ஆளில்லாத கடை. வாங்கினவன் என்ன ஆனான் எண்டு பாக்கக் கல்லாவில ஒருத்தரும் இல்லை. அப்பிடிக் கடையில மனிசன் கணக்கில்லாமல் வாங்குவான்."

அதற்குள் அவளை மாற்ற வேறொரு டீலர் வந்து நின்றாள். வேலை முடிந்த டீலர்கள் கையில் சிப்ஸ் எதையும் மறைக்கவில்லை என்று கமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் மேசையை விட்டுப் போவார்கள். அங்கிளோடு பேசிய பெண்ணும் நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல ஒன்று சேர்த்தாள். விரிப்பதற்குள் அங்கிள் சட்டென்று நிமிர்ந்து, கைகூப்பி, "வணக்கம் பிள்ளை, போயிட்டு வாரும்" என்றார்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் விழித்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் தன் சிப்ஸைக் குனிந்து பார்த்தான். அங்கிளின் கூப்பிய கை நடுவானில் நின்றது. ஏதோ பிழைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்று தெரியவில்லை. அந்த நின்ற கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நானும் கைகூப்பி, உரத்த குரலில், "வணக்கம்" என்றேன். இரண்டு பேர் செய்தால் அது வழக்கமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பெண் ஒரு கணம் பார்த்துவிட்டு, கமராவுக்குக் காட்ட வேண்டியதைக் காட்டி முடித்து, எங்களுக்காக இன்னொரு தடவை கையைக் கூப்பிவிட்டுப் போனாள்.

மழை விட்டிருந்தது. ஆற்றங்கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அந்தப் பிள்ளை எனக்கு வணக்கம் சொல்லேல்லை, என்ன?"

"இல்லை அங்கிள். கையில ஒண்டுமில்லை எண்டு கமராவுக்குக் காட்டினவ."

"அது உமக்கு முதலே தெரியும்."

"ஓம் அங்கிள்."

"தெரிஞ்சுகொண்டும் கும்பிட்டனீர்."

"ஓம் அங்கிள்."

அவர் நின்று சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். மகளைத்தான் அழைத்தார், நான் கேட்கும்படியே பேசினார்.

"பிள்ளை, பெடியனுக்குச் சூதாட்டம் இருக்கு. சின்னக் காசுக்குத்தான், ஆனா இருக்கு. இன்னொண்டு, இவருக்குப் பொய் சொல்ல வராது. நானும் பாத்தன், ஒரு பொய்யும் ஒரு நிமிசம் தாங்கேல்லை. நீ மனசுக்குள்ள வைச்சுச் சந்தேகப்பட வேண்டி வராது. யோசிச்சுச் சொல்லு." மறுபக்கம் நீண்ட நேரம் பேசியது. எனக்குக் கேட்டது கடைசிச் சிரிப்பு மட்டும்தான். ஆற்றங்கரையில் அது எனக்குப் போதுமாக இருந்தது.

தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"சிட்னிக்கு வந்தா சனிக்கிழமையில கடையில வந்து நிக்கவேணும். காலமை துடங்கிப் பூட்டும் வரைக்கும். சம்மதமோ?"

"சம்மதம் அங்கிள்."

"யோசிச்சுச் சொல்லும். அரிசி மூட்டை எல்லாம் தூக்க வேண்டி வரும். முதுகு எப்பிடி?"

"முதுகுக்கு ஒரு குறையும் இல்லை அங்கிள்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குனிஞ்சா கொஞ்சம் நோகும்," என்றேன்.